ஞாயிறு தவறாத இன்னொருவர்

அவரைச் சமையல்காரர் என்று கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டிருந்தால் பேரை அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். வெந்நீர் வைக்கச் சொன்னால்கூடப் பாத்திரத்தைக் கருக்கிவிடுகிற மனிதர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அந்தரத்தில் நின்று, உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டிக் கூப்பாடு போடும்போது, பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறுகிறவர்.

சமையல்காரர் என்பது போன் ஆட்கள் வைத்த பெயர். போனில் கம்பெனி போட்டுக் கொடுக்கும் சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டு, தாங்களே ஒன்றைத் தயாரித்து அதில் ஏற்றிக்கொள்கிற கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டு. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இணையத்தில் ஒரு குழு வைத்துக்கொண்டு அதிலேயே விழுந்து கிடப்பார்கள். அந்தத் தயாரிப்பு வேலைக்கு அவர்கள் பாஷையில் சமையல் என்று பெயர். செய்கிறவர் சமையல்காரர். வாரம் ஒருமுறை புதிதாக ஆக்கி இறக்கி வைத்தால், அந்தந்தப் போன்கள் தாமாகவே வந்து எடுத்துக்கொள்ளும்.

இதில் அவர் வந்து விழுந்தது ஒரு கோபத்தில்தான். ஆசைப்பட்டு வாங்கிய போன். பொத்திப் பொத்தி வைத்திருந்தார். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி அந்த மாடலைக் கைகழுவிவிட்டது. இனி அப்டேட் கிடையாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. கொஞ்ச நாளில் போன் முக்கி முனக ஆரம்பித்தது. கடைக்காரரும் அதே பாட்டைப் பாடியபோது இவருக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் தொழில் பழகிய நாளில் ஓடிய லிஃப்டுகள் இன்னமும் ஓடுகின்றன. கயிறு தேய்ந்தால் கயிறு, பேரிங் போனால் பேரிங் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியது நான், பூட்டும் சாவியும் உன் கையிலா என்று கேட்டார். கேட்டது வீட்டுச் சுவரிடம்தான் என்றாலும் நன்றாகவே கேட்டார்.

அப்போது கம்பெனி இவ்வளவு கறாராக இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். என் போனை நானே திறந்துகொள்கிறேன், கெட்டுப்போனால் உங்களிடம் வரமாட்டேன் என்று அங்கே ஒப்புக்கொண்டால், பூட்டைத் திறக்க ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் போட்டார். குழுவில் இருந்த ஒரு பல் டாக்டரும், ஒரு தபால்காரரும், வேதியியல் டீச்சர் ஒருத்தரும் கூடவே இருந்து ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். போன் செத்துப் பிழைத்து எழுந்தது. எழுந்ததும் புதிதில் ஓடியதைவிட வேகமாக ஓடியது. அன்றைக்கு அதை மனைவியிடம் நீட்டி, பாத்தியா என்று கேட்டபோது அவர் முகம் இருந்த இருப்பை அவள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தாள். மகள் பிறந்த அன்றைக்குக்கூட அந்த முகம் வரவில்லையாம்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டாக்டர் புதுப் போன் வாங்கிவிட்டார். தபால்காரரின் போன் மழையில் நனைந்து போயிற்று. டீச்சர் இவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனார். பேட்டரி விஷயமாக வந்த சண்டை, யார் ஆரம்பித்தது என்று இருவருக்குமே நினைவில்லை. கடைசியில் கரண்டி இவர் கைக்கு வந்தது. புதிதாக ஆக்கியதை எத்தனை போன்கள் வந்து கேட்டன என்று வாராவாரம் ஓர் எண் மட்டும் அவருக்குத் தெரியும். யார், எங்கே என்பது தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. அடுத்தவர் போனில் எட்டிப் பார்ப்பதும், கூப்பிடாமல் அவர்கள் திரையில் போய் நிற்பதும் கம்பெனிக்காரன் குணம், நமக்கு அது வேண்டாம் என்பார் தபால்காரர். ஒருகாலத்தில் ஒரு சின்ன ஊரே வந்து கேட்டது. அது தேய்ந்து தேய்ந்து இரண்டில் வந்து நின்றது. ஒன்று இவருடையது. அப்படியானால் எங்கேயோ இன்னொருவர் இருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் வீடும் காலியானது. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போயிருந்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பார்த்துக்கொள்ள மனைவி போனாள். கொஞ்ச நாள் என்று போனவள், மகள் வேலைக்குத் திரும்பியதும் குழந்தையை யார் பார்ப்பது என்று அங்கேயே தங்கிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. இவரையும் வரச் சொன்னார்கள். லிஃப்டை யார் பார்ப்பது என்று இவர் கேட்டார். ஊரில் இவர் ஒருவர்தான் லிஃப்ட் மெக்கானிக்கா என்று மனைவி கேட்டாள்.

வீடியோ காலில் குழந்தையைப் பார்ப்பதுதான் அந்த நாட்களில் அவருக்குச் சோறு தண்ணி எல்லாம். துணியில் சுற்றிய ஒரு பொட்டலம், மேலே ஒரு சின்ன முகம். கண்ணைத் திறக்கும், கொட்டாவி விடும், மறுபடி தூங்கிப்போகும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். மகள் சிரித்துக்கொண்டே, போதும்ப்பா, திருஷ்டி பட்டுடும் என்பாள்.

ஒருநாள் அந்த ஆப் திறக்கவில்லை. இந்தப் போன் நம்பகமானதல்ல என்று திரையில் எழுதிக் காட்டியது. முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். கோளாறு இல்லை, சட்டம். கம்பெனி சாஃப்ட்வேர் உள்ள போனுக்குத்தான் இனிமேல் முத்திரை. முத்திரை இல்லாத போனில் பாங்க் ஆப் ஓடாது, வீடியோ ஆப் ஓடாது, படம் அனுப்புவதும் ஓடாது. லேப்டாப்பில் திறக்கப் பார்த்தாலும், முத்திரை உள்ள போனைக் காட்டு என்றது அந்த ஆப். பாதுகாப்புக்காகவாம். யார் பாதுகாப்புக்கு என்று அவர் கேட்டதற்கு, அவருடைய பாதுகாப்புக்குத்தான் என்று கம்பெனி பதில் போட்டது. திருடன் வருவான் என்று சொல்லி வீட்டுக்காரனையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற பாதுகாப்பு.

வழி இல்லாமல் இல்லை. கம்பெனி சாஃப்ட்வேரையே திரும்ப ஏற்றிக்கொண்டால் முத்திரை கிடைக்கும், குழந்தை முகம் தெரியும். ஆனால் பூட்டைத் திறக்க எண் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தைக் கம்பெனி மூடிவிட்டது. ஒருமுறை திரும்பிப் போனால் போனதுதான். மறுபடி திறக்க முடியாது. திறக்காத போனை வைத்துக்கொண்டு சமைக்க முடியாது, ஏனென்றால் ஆக்கியதை முதலில் தன் போனில் ஏற்றிப் பார்க்காமல் அடுத்தவருக்குப் பரிமாறக் கூடாது. இவர் கரண்டியைக் கீழே வைத்தால் அந்த இன்னொருவர் அம்போ. கேட்பாரில்லாத போனோடு நடுத்தெருவில் நிற்பார்.

மகள் பொறுமையாகப் பேசினாள். வேறொரு போன் வாங்கி அனுப்புகிறேன், அதில் எங்களைப் பாருங்கள், இதில் உங்கள் சமையலைப் பாருங்கள் என்றாள். நியாயமான பேச்சு. சமையல்காரர் வேண்டாம் என்றார். என்னைத் தெருவில் நிறுத்தினவனிடமே போய்க் காசைக் கொட்டுவதா என்றார். இதில் முக்கால்வாசி வீம்பு. அது அவருக்கும் தெரியும். மீதிக் கால்வாசியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டாவது போன் ஒன்று சட்டைப்பைக்குள் வந்துவிட்டால், முதல் போன் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். அப்புறம் அந்த இன்னொருவரும் விளையாட்டாகிவிடுவார். காலியான வீட்டில் அவருக்கு வேலை வைத்துக்கொண்டிருந்தது அந்த ஒருவர்தான்.

மகளிடமிருந்து போனை வாங்கி மனைவி பேசினாள்.

"அந்த இன்னொருத்தருக்கு நீங்க யாரு? மாமனா, மச்சானா?"

"அவருக்கு என்னை விட்டா வேற ஆள் இல்லம்மா."

"எங்களுக்கு?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். சரி, அந்தப் போனையே கட்டிக்கிட்டு அழுங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு குரல் மட்டும்தான். பழைய மாதிரி நம்பரைப் போட்டுப் பேசுகிற கால். அது விலை கூட என்பதால் சுருக்கமாக இருக்கும். மாத்திரை போட்டீங்களா, போட்டேன், கதவைப் பூட்டினீங்களா, பூட்டினேன். கடைசியில் போனைக் குழந்தையின் காதில் வைப்பார்கள். இவர் ஏதேதோ பிதற்றுவார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கும். சில நாள் ஒரு உளறல். கொஞ்ச நாள் மகள், லேப்டாப்பில் பார்க்கும்படி மெயிலில் படம் அனுப்பினாள். வேலை, வீடு, குழந்தை என்று அவளுக்கும் மூச்சு விட நேரமில்லை. படம் வருவது குறைந்து, பிறகு நின்றது. ஏன் நின்றது என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள்தான் காரணம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

வீட்டில் எல்லாம் சுருங்கிக்கொண்டே வந்தது. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, அதையே கழுவிக் கழுவிச் சாப்பிட்டார். சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் முட்டையும். கட்டிலில் மனைவி படுக்கும் பக்கத்தில் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. மடித்து வைக்கலாம்தான். மடித்து வைத்தால் அந்த இடம் காலியாகத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் பாதியை லேப்டாப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு யாரோ காத்திருக்கிற வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அந்த இன்னொருவரைப் பற்றி அவருக்கு என்னவெல்லாமோ தெரிந்துபோயிற்று. எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள அவரால்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தப் போன் வந்து புதுசு இருக்கா என்று கேட்கும். ஒரு ஞாயிறு தவறியதில்லை. அப்படியானால் ஒழுங்கான மனிதர். வீட்டைத் துடைத்து வைத்திருப்பவர். இந்தப் பழைய போனை இன்னும் விடவில்லையென்றால் கையில் காசு இல்லாதவர், அல்லது இவரைப்போலவே கோபக்காரர். இவ்வளவு நாளில் ஒரு குறையும் சொல்லி எழுதியதில்லை, கூச்ச சுபாவம். வயது இவருக்கு மேலேயே இருக்கும். கண் மங்கத் தொடங்கியிருக்கும்.

அதற்கேற்பச் சமைத்தார். எழுத்துகளைப் பெரிதாக்கினார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். பழைய பேட்டரி உப்பிவிடக் கூடாதே என்று, சார்ஜ் முழுதாக ஏறுவதற்கு முன்பே தானாக நிற்கும்படி செய்தார். கை நடுங்கினால் தப்பான பொத்தானில் விரல் படுமே என்று பொத்தான்களைத் தள்ளித் தள்ளி வைத்தார். இதெல்லாம் அவர் போனுக்கும் வந்தது. பெரிய எழுத்தில் பழகிப்போனார். வேலையிடத்தில் யாராவது பார்த்து, அண்ணே உங்க போன்ல வர்ற மெசேஜ் எதிர்வீட்டுக்கும் சேர்த்தா என்று கேலி பண்ணுவார்கள். ஒருத்தருக்காகப் பண்ணினது என்பார். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டார்.

எல்லாப் போன்களும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து கேட்க வேண்டும் என்று எழுதி வைத்ததே அவர்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலை நாளில் யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று எப்போதோ எழுதியது. தான் எழுதிய விதிப்படி நடக்கிற போனைப் பார்த்து, என்ன ஒழுங்கான மனுஷன் என்று மெச்சிக்கொண்டிருந்தார். தெரியாதா என்றால் தெரியும். தெரிந்ததை ஒரு மூலையில் தள்ளிப் போட்டுவிட்டு வாழ, தனியாக இருக்கிற மனுஷனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்படியே போயிருக்கும். கம்பெனி விடவில்லை. மாதக் கடைசியிலிருந்து, முத்திரை இல்லாத போன்களுக்கு சிக்னலே கிடைக்காது என்று அறிவித்தது. வெறும் கால்கூடப் பேச முடியாது. போன் என்ற பெயரில் ஒரு கண்ணாடிச் சில்லு கையில் இருக்கும்.

படித்ததும் சமையல்காரருக்கு முதலில் தோன்றியது தன் போன் அல்ல. அந்த மனிதருக்கு இது தெரியுமா? செய்தி பார்க்கிறவரா? ஒருநாள் யாருக்கோ அவசரமாகக் கூப்பிடப் போய், போன் ஊமையாக இருந்தால் என்ன செய்வார்? சொல்ல வேண்டும். ஆனால் சொல்வதென்றால் அவருடைய திரையில் போய் நிற்க வேண்டும், அவர் கூப்பிடாமல். கம்பெனிக்காரன் செய்கிற வேலையை நானும் செய்வதா என்று இரண்டு நாள் மனசோடு மல்லுக்கட்டினார். கட்டுப்பாட்டை மீற ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. கடைசி சமையலில் ஒரு செய்தி வைத்தார். உங்கள் போன் மாதக் கடைசியில் வேலை செய்யாமல் போய்விடும், தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதி, கீழே தன் எண்ணைப் போட்டார். செய்தி வந்ததும் மணி அடிக்கும். யாராவது தொடும்வரை விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருக்கும்.

ஞாயிறு காலை இரண்டு போன்களும் வந்து எடுத்துக்கொண்டன. அவருடைய போன் மணி அடித்தது, தொட்டு அணைத்தார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிக்கப் போகும்போது குளியலறை வாசலில் முக்காலி போட்டு அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். எடுத்த எடுப்பில் போனைப் பற்றிப் பேசக்கூடாது, முதலில் நல்லா இருக்கீங்களா என்று கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். பொழுது சாய்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. கூச்ச சுபாவம், யோசித்துக் கூப்பிடுவார் என்று தேற்றிக்கொண்டார்.

மறுநாள் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். கையெல்லாம் கிரீஸ். சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, ஏணியில் பாதி ஏறிய நிலையில் எடுத்தார்.

ஓர் ஆண்குரல், சார், உங்க நம்பர் ஒரு போன்ல வந்து நிக்குது, கூப்பிடச் சொல்லி எழுதியிருக்கு என்றது.

சமையல்காரர் ஏணியிலேயே நின்றுவிட்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், அந்த ஒன்று மட்டும் நின்றது.

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லாத்தான் சார் இருக்கேன்." அந்த ஆளுக்குக் குழப்பம். "இந்தப் போன்தான் நேத்துலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்குது. மேல் மாடிக்காரங்க தூங்க முடியலன்னு கம்ப்ளெயின்ட்."

"போன் உங்களோடது இல்லையா?"

"இல்ல சார். நான் லிஃப்ட் மெக்கானிக். மெஷின் ரூம்ல இருந்துச்சு. கன்ட்ரோல் பெட்டிக்கு எதிரே சுவத்துல டேப் போட்டு ஒட்டி, சார்ஜர்ல மாட்டி வச்சிருக்காங்க. கேமரா பெட்டியையே பாத்துக்கிட்டு இருக்கு. யாரோடதுன்னு தெரியல."

எந்தக் கட்டடம் என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் முன்பு அவர் பொறுப்பில் இருந்தது. எப்போதாவது ஒருநாள், காரணமில்லாமல், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். இவர் போய்ப் பார்க்கும்போது சமர்த்தாக ஓடும். கன்ட்ரோல் பெட்டிக்குள் எந்த ரிலே ஸ்விட்ச் சதி செய்கிறது என்று கண்டுபிடிக்க, அதே மாடல் போன் ஒன்றை மலிவாக வாங்கி, தன் சாஃப்ட்வேரையே ஏற்றி, பார்த்துக்கொண்டே இரு என்று சுவரில் ஒட்டினார். கட்டட அலுவலகத்து வைஃபையில் அதை இணைத்தும் விட்டார். ஒட்டிய நாளிலிருந்து லிஃப்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. பிறகு அவரை வேறு வட்டாரத்துக்கு மாற்றினார்கள். குழந்தை பிறந்த செய்தி வந்தது, மனைவி கிளம்பினாள், பெட்டி கட்டுவதும் வழியனுப்புவதுமாக இருந்ததில் சுவரில் ஒட்டியது சுத்தமாக மறந்துபோயிற்று. இத்தனை காலமும் அது அங்கே, ஜன்னல் இல்லாத ஒரு அறையில், மோட்டார் சத்தத்தில், ஞாயிறு தவறாமல் அவரிடம் வந்து புதுசு இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"யாரோ நல்லா பாத்துக்கிட்ட போன் சார். பேட்டரி உப்பவே இல்ல. எழுத்துதான் யானை சைஸ்ல இருக்கு. பாவம், கண்ணு தெரியாத பெரியவர் யாரோ வச்சிருந்திருப்பாரு."

கழட்டிடவா, இருக்கட்டுமா என்று அந்த ஆள் கேட்டார். கழட்டிடுங்க என்றார் சமையல்காரர். யாரோடதுன்னு எழுதிக்கட்டும் என்று கேட்டதற்கு, என்னோடதுதான் என்று சொன்னார். சொன்னபோது குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அந்த மெக்கானிக் நல்ல மனிதர். கூரியரில் அனுப்பி வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டார்.

குழிக்குள் திரும்ப இறங்கி மீதியைத் துடைத்து முடித்தார். வேலையில் குறை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல் மேஜை முன் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அதற்கு மட்டும் தடையில்லை. இல்லாத ஒருவரின் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த நாட்களில், இருக்கிற ஒரு குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நின்றிருக்கிறது. ஒன்றையும் பார்க்கவில்லை. கம்பெனிமேல் வந்த கோபம் நியாயமான கோபம்தான். இன்றைக்கும் அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குக் காவலாக நிறுத்தி வைத்த ஆள் ஒரு சுவரில் ஒட்டிய போன். சிரிக்க வேண்டிய விஷயம். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கம்பெனியின் சாஃப்ட்வேரை இறக்கினார். எல்லாம் அழிந்துவிடும், இனித் திறக்க முடியாது, சம்மதமா என்று போன் கேட்டது. அதற்காவது சம்மதம் கேட்கிறானே என்று முனகிக்கொண்டு அழுத்தினார். கொஞ்ச நேரம் கறுத்துக் கிடந்துவிட்டு, கம்பெனியின் பெயரைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு போன் எழுந்தது. எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு நாளும் பெரிய எழுத்து யாருக்குத் தேவைப்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

வீடியோ ஆப் மறுபேச்சில்லாமல் திறந்தது. மனைவிதான் எடுத்தாள். அவர் முகத்தைத் திரையில் பார்த்ததும் அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். முடி நிறைய நரைத்திருந்தது. பின்னால் அவர் பார்த்திராத ஒரு சமையலறை. சண்டையைத்தான் எதிர்பார்த்தார், அவள் சண்டை போடவில்லை. இளைச்சுட்டீங்களே என்றாள். பிறகு, நிஜமான அக்கறையோடு ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்த இன்னொருத்தர்? அவரு என்ன பண்ணுவாரு?"

அவள் இத்தனை நாளும் அந்த மனிதரை நம்பிக்கொண்டிருந்தாள். அது அவருக்கு இன்னும் தாங்கவில்லை.

"அதுவும் நான்தான்."

மெஷின் ரூம் கதையைச் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். பாதியில் வேடிக்கை நின்றுவிட்டது. கட்டிக்கிட்டு அழுங்க என்று சொன்னவள் அவள். இப்போது அவள் வாயில் கேலி வரவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்து எங்கேயோ பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் அங்க நீங்க மட்டுமா இருந்தீங்க?"

"ஆமா."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். குட்டிம்மா, ஓடி வா, தாத்தா வந்திருக்காங்க பாரு. தரையில் சின்னக் கால்கள் தடதடவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஓடுகிறாள். சமையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு பூப்போட்ட சட்டை திரையில் குறுக்கே போயிற்று. ஒரு குட்டிக் கை வந்து பாட்டியிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டது.

தாத்தா என்றால் அவளுக்குத் தெரியும். தாத்தா காதில் இருப்பவர். முகத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. போனைத் தூக்கி நேரே காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். திரை முழுக்க இருட்டு. ஓரத்தில் ஒரு காது மடல், அதன்மேல் விழுந்த நாலைந்து முடிகள்.

பாட்டி பதறினாள். காதுல இல்லடி கண்ணு, திருப்பிப் பிடி, தாத்தா உன்னைப் பாக்கணும்ல என்று போனைத் திருப்பப் பார்த்தாள். குழந்தை விடவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் விடுகிற மூச்சு அவருக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"விடு, இருக்கட்டும்," என்றார் அவர் மனைவியிடம். பிறகு போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, அந்தக் காதிடம் சொன்னார்.

"தாத்தா பேசுறேன்டா."